வதந்திக்கு முன்பே வந்திருக்க வேண்டிய செய்தி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஸ்ரீபெரும்புதூரில் மேடை ஏறுகிறவர்கள் இராமானுசரை நினைத்துத் தொடங்குவது மரபு. அதிலும் செய்தி பரவுவதைப் பற்றிப் பேச வந்தவனுக்கு, ரகசிய மந்திரத்தை அவர் ஊரறியச் சொன்ன திருக்கோட்டியூர்க் கோபுரம் கண்முன்னே நிற்கிறது. அந்தக் கதையை எடுத்தால் கால்மணி நேரம் கைதட்டலோடு போய்விடும். அதனாலேயே இன்று அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்குத் தந்திருக்கும் பொருள் சமூக ஊடகமும் தொழில் வட்டார வாழ்வும். இதற்கு நன்மைகள் ஐந்து, தீமைகள் ஐந்து என்று பட்டியல் போட்டு, கத்தி நல்லதா கெட்டதா என்பது பிடித்த கையைப் பொறுத்தது என்று முடித்துப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போகலாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. இருங்காட்டுக்கோட்டை முதல் சுங்குவார்சத்திரம் வரை, வல்லம் வடகால் முதல் ஒரகடம், படப்பை வரை, அந்தப் பொருளுக்குள்ளேயே தினமும் எழுந்து தூங்குகிறவர்கள் நீங்கள். ஆகவே நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே நிதானமாகப் பார்ப்போம்.

2021 டிசம்பர். சுங்குவார்சத்திரம் அருகே ஆப்பிள் நிறுவனத்துக்கு ஐபோன்களைப் பொருத்தித் தரும் ஃபாக்ஸ்கான் ஆலை. ஏறக்குறைய 17,000 பேர் வேலை செய்த இடம். லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். அவர்களின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அப்போது எழுதியது. தங்குவது ஒப்பந்தக்காரர்கள் நடத்தும் விடுதிகளில். அப்படி ஒரு விடுதி பூந்தமல்லி அருகே, ஜமீன் கொரட்டூரில் இருந்தது. டிசம்பர் 15 அன்று அங்கே சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மேலும் பலர் புறநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றுத் திரும்பினார்கள்.

அடுத்த இரண்டு நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது: சிலர் இறந்துவிட்டார்கள், கம்பெனி மறைக்கிறது. 17-ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் அது நீடித்தது. யாரும் இறக்கவில்லை என்று மாவட்ட ஆட்சியர் ஆர்த்தி விளக்கினார். காவல்துறை பல பெண்களைப் பிடித்து வைத்தது. வதந்தி பரப்பினார் என்று யூடியூபர் ‘சாட்டை’ துரைமுருகன் கைதானார். ஆலை மூடப்பட்டது, மீண்டும் திறந்தது 2022 ஜனவரி 12 அன்றுதான்.

இதுவரைதான் நடந்தது என்றால், சமூக ஊடகத்தின் கேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. ஒரு பொய் நெடுஞ்சாலையையும் பெரிய ஆலையையும் நிறுத்திவிட்டது! அப்போது எழுதப்பட்ட தலையங்கங்கள் சில அந்த இடத்திலேயே நின்றுவிட்டன. ஆனால் கதை அதற்குப் பிறகும் நடந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் அந்த விடுதிக்குப் போய்ப் பார்த்து, எலிகள் இருந்ததாலும் கழிவுநீர் வசதி மோசமாக இருந்ததாலும் சமையலறையை மூடினார்கள். டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனமே, சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று சொல்லி அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. ஃபாக்ஸ்கான் வருத்தம் தெரிவித்து, உள்ளூர் நிர்வாகத்தை மாற்றி அமைப்பதாக அறிவித்தது.

சாவுச் செய்தி பொய், சாப்பாட்டுச் செய்தி உண்மை. இரண்டும் ஒரே ஃபார்வர்டில், ஒரே குரலில் வந்தன. பொய்யைப் பிரித்தெடுத்துப் பிடித்தாயிற்று. மற்றதை விசாரிக்க, பெண்கள் சாலையில் உட்கார வேண்டியிருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வதந்தியைக் கண்டால் இதைப் பரப்பியது யார் என்று கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இதைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டியவர் யார் என்பது. 15-ஆம் தேதிக்கும் 17-ஆம் தேதி இரவுக்கும் நடுவே முழுதாக இரண்டு நாள் இருந்தது. 159 பேரும் எந்தெந்த மருத்துவமனையில் இருக்கிறார்கள், யார் தேறிவிட்டார்கள், யாரிடம் போனில் பேசலாம் என்று ஒரு தாளில் எழுதி எல்லா விடுதிகளின் வாசலிலும் ஒட்ட அரை நாள் போதும். கூட வேலை செய்கிறவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை என்பதுதான் சாலையில் உட்கார்ந்த பெண்கள் சொன்னது.

இதில் வட்டாரத்தின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஆலை இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில், விடுதி இருந்தது திருவள்ளூர் மாவட்டத்தில், பெற்றோர் இருப்பது இன்னும் தொலைவில். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவர் வேறு வேறு விடுதிகளில் தூங்குவார்கள். சம்பளம் ஒருவர் கையில், சாப்பாடு இன்னொருவர் கையில், பஸ் மூன்றாமவர் கையில். பொறுப்பு இப்படிச் சிதறிக் கிடக்கும் இடத்தில், எல்லோரையும் ஒன்றாக வைத்திருக்கும் ஒரே இடம் செல்பேசியில் இருக்கும் குரூப்தான். ஊரில் இதற்குத் திண்ணை இருந்தது, தெருமுனை இருந்தது, குளத்தங்கரை இருந்தது. இங்கே வந்தவர்களுக்கு வார்டனின் கேட்டும் கம்பெனியின் கேட்டும் மட்டுமே இருந்தன.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் இங்கே பரவாத காலத்தில் இந்த வட்டாரம் அமைதியாக இருந்ததா? 2010 ஜூலையில் இதே ஃபாக்ஸ்கானின் அன்றைய ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் மயங்கி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பூச்சிமருந்து தெளித்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த ஆண்டே அங்கே சங்க அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம், கைதுகள். அதே 2010 அக்டோபர் 31 அன்று நோக்கியா ஆலையில் எந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் இறந்தார். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது பொத்தான் வைத்த போன். பலரிடம் அதுவும் அவர்களே செய்த நோக்கியா. செய்தி எஸ்எம்எஸ்ஸிலும் வாய்வழியாகவும் பஸ்ஸுக்குள்ளும் போயிற்று, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே கோபத்தை வாட்ஸ்அப் உண்டாக்கியது என்று சொல்வது அதற்குத் தேவைக்கு அதிகமான மரியாதை. அது வேகத்தைக் கூட்டியது. அதோடு, செய்தி எங்கிருந்து கிளம்பியது என்ற தடத்தை அழித்தது. இந்த இரண்டாவதுதான் ஆபத்து. பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து ஒருத்தி சொன்னால், உனக்கு யாரடி சொன்னது என்று கேட்கலாம். ஃபார்வர்டிடம் அதைக் கேட்க முடியாது.

அந்த ஆபத்து எவ்வளவு கொடியது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன குடும்பம் ஒன்று சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பரவியிருந்த பீதி அந்த ஊரைக் கும்பலாக்கியது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. போளூரில் நடந்ததையும் சுங்குவார்சத்திரத்தில் நடந்ததையும் வதந்தி என்ற ஒரே சொல்லால் கட்டிப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. போளூரில் கூட்டம் முன்பின் தெரியாதவர்களை அடித்தது. சுங்குவார்சத்திரத்தில் கூட்டம் தன் தோழிகளைத் தேடியது.

சரி, வேலையிடத்துக்குள் போவோம். நம் ஆலைகள் பலவற்றில் செல்பேசி வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே அனுமதித்தாலும் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். காரணம் நியாயமானது: புது மாடலின் ரகசியம், எந்திரத்தின் முன் கவனம் சிதறக்கூடாது என்ற பாதுகாப்பு. ஆனால் அதே கம்பெனி ஷிப்ட் மாற்றத்தையும், ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யையும், பஸ் ரூட் மாறியதையும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் சொல்கிறது. இரவு பதினொரு மணிக்கு, “நாளைக்கு பர்ஸ்ட் ஷிப்ட் வரணும்” என்று சூப்பர்வைசர் போடுவார். அதற்குக் கட்டைவிரல் காட்ட வேண்டும். காட்டாதவன் பெயர் மறுநாள் காலை நினைவில் இருக்கும். அந்தக் குரூப்பில் தொழிலாளி கேள்வி கேட்டால் மட்டும், இது அதற்கான இடமில்லை தம்பி என்று பதில் வரும். அப்போது அவன் என்ன செய்வான்? சார் இல்லாத இன்னொரு குரூப் தொடங்குவான். ஒவ்வொரு லைனுக்கும் இப்படி இரண்டு குரூப் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பது மரியாதை.

அந்த இரண்டாவது குரூப்பில் பேசியதற்காக ஒருவரைத் தண்டிக்கலாமா? இதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023-இல் ஒரு பதில் சொன்னது. வழக்கு தொழிற்சாலையிலிருந்து வரவில்லை, தமிழ்நாடு கிராம வங்கியிலிருந்து வந்தது. ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்தார் என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். ஊழியர்களுக்கு மனக்குமுறலைக் கொட்டும் உரிமை உண்டு, நிறுவனத்தின் நலனுக்குக் கேடு வராதவரை நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாலு சுவருக்குள் நண்பர்களிடம் மேலதிகாரியைத் திட்டினால் யாரும் மெமோ கொடுப்பதில்லையே என்ற பொது அறிவுதான் அதற்கு அடிப்படை.

இந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வழக்குத் தொடுத்தவர் நிரந்தர ஊழியர், சங்கத்தில் செயல்பட்டவர், உயர் நீதிமன்றம் வரை போகத் தெரிந்தவர். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மெமோ கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த மாதம் பஸ் லிஸ்ட்டில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். குமுறுவதற்கு உரிமை வந்த பிறகும் குமுறல் யார் காதில் விழ வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வேலைக்கு வருவதற்கு முன்பே தொடங்கும் கதை ஒன்று இருக்கிறது. இந்த வட்டாரத்தின் வேலைச் சந்தை இப்போது பாதி போனில்தான் நடக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ., டிப்ளமோ, சம்பளம் இவ்வளவு, ரூம், சாப்பாடு, பஸ் இலவசம், உடனே அழைக்கவும் என்று ஒரு படம் ஸ்டேட்டஸில் வரும். விழுப்புரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் இருக்கும் பிள்ளை அதைப் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறது. முன்பெல்லாம் ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒரு மாமாவோ அண்ணனோ கைப்பிடித்துக் கூட்டி வர வேண்டும். அந்தத் தயவு இனி வேண்டாம் என்பது சின்ன விடுதலை இல்லை. சாதியும் உறவும் இல்லாத பிள்ளைக்கும் தகவல் கிடைக்கிறது.

அந்த விளம்பரங்களின் இன்னொரு முகம் 2024-இல் வெளியே வந்தது. திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்ற நடைமுறை ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் இருந்ததாக அந்த ஆண்டு ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. திருமணமான பெண்களும் தங்களிடம் வேலை செய்கிறார்கள் என்றது நிறுவனம். அந்தச் செய்திக்கு ஆதாரமாக இருந்தவற்றில் ஆள்சேர்க்கும் ஏஜென்சிகள் போட்ட விளம்பரங்களும் உண்டு. அதாவது கேட்டில் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட ஒன்று, போனில் எழுத்தாக வந்தபோதுதான் சாட்சியமாக மாறியது. சமூக ஊடகம் தொழிலாளிக்குச் செய்த நல்லதில் இதை நான் முதலில் வைப்பேன்.

அதன் பின்விளைவு சுவாரசியமானது. அதே ஆண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதிய இன்னொரு செய்தியின்படி, வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை விளம்பரங்களிலிருந்து எடுத்துவிடும்படி ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டது. கம்பெனியின் பெயரையும் போடக்கூடாது என்று சொல்லப்பட்டது. முதல் பாதி நல்லது. இரண்டாவது பாதியால் யாருக்கு லாபம்? ‘பிரபல மொபைல் கம்பெனி’ என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தில் உண்மையான ஏஜென்சியையும், யூனிபார்முக்கு ஆயிரம் ரூபாய் ஜிபே பண்ணுங்கள் என்று கேட்டுவிட்டு நம்பரை மாற்றுகிறவனையும் எப்படிப் பிரித்தறிவது? வேலைக்காக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். கம்பெனிகள் தங்கள் பெயரை மறைப்பதை விட்டுவிட்டு, தங்களுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளின் பட்டியலைத் தங்கள் தளத்திலேயே போட்டால் இந்த மோசடியில் பெரும்பகுதி படுத்துவிடும். செலவே இல்லாத காரியம்.

கடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வணிகர் சங்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரகடம் கூட்டுரோட்டில் பிரியாணிக் கடைக்கு ஒரு யூடியூபர் வந்து போனால் இரண்டு வாரம் கூட்டம் அலைமோதும், மூன்றாவது வாரம் பழைய ஷிப்ட் கூட்டமே மிஞ்சும். அந்த இரண்டு வாரத்தை நம்பி அண்டாவை மாற்றியவர்கள் உண்டு. உண்மையில் கடைக்காரர்களுக்கு உதவியது ரீல்ஸைவிட, ஹாஸ்டல் குரூப்பில் சேர்த்துக்கொள்ளப்பட்டதுதான். இன்றைக்கு மெஸ்ஸில் என்ன குழம்பு, இந்த வாரம் கேஸ் சிலிண்டர் எப்போது, ரூம் காலி, பழைய பைக் விலைக்கு என்று ஒரு சின்னப் பொருளாதாரமே அதற்குள் ஓடுகிறது. ஒடியா, இந்தி, வங்காளி பேசும் பிள்ளைகளுக்கு ரீசார்ஜ் கடைக்காரர் அவர்கள் மொழியிலேயே குரல் செய்தி அனுப்புகிறார். இதைச் சொல்லிக் கொடுக்க எந்தப் பயிற்சி வகுப்பும் நடக்கவில்லை.

மனை விற்பனை வேறு சங்கதி. ஒரகடத்திலிருந்து பத்து நிமிடம், பரந்தூர் ஏர்போர்ட் பக்கத்தில் என்று கையை ஆட்டிப் பேசும் வீடியோக்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பரந்தூர்த் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய கிராமசபைத் தீர்மானங்களும் ஊர்வலமும் அதே போன்களில்தான் வெளியே தெரிந்தன. ஒரே நிலத்தைப் பற்றி ஒரே திரையில் ஒருபக்கம் விற்பனைச் சிரிப்பு, மறுபக்கம் கறுப்புக்கொடி! மனை வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, பதிவு தேவைப்படும் திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண் இருந்தாக வேண்டும். ரீல்ஸும் விளம்பரம்தான். எண் இல்லாத வீடியோவில் இருப்பது எவ்வளவு அழகான தென்னந்தோப்பாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

மறுபடி வதந்திக்கு வருகிறேன், ஏனென்றால் அதைச் சமாளித்த கதையும் நம்மிடம் இருக்கிறது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. எங்கோ நடந்த வேறு சண்டைகளை வெட்டி ஒட்டியவை. ஹோலி பண்டிகைக்கு வழக்கமாக ஊருக்குப் போகிறவர்களின் ரயில் கூட்டம், உயிருக்குப் பயந்து ஓடும் கூட்டமாகக் காட்டப்பட்டது. வடமாநிலத் தொழிலாளர்கள் பெருவாரியாக இருக்கும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு தொழில் ஊரிலும் முதலாளிகளுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

அப்போது அரசு செய்தது கவனிக்கத்தக்கது. வழக்குகள் போட்டார்கள், யூடியூபர் மணீஷ் காஷ்யப்பைக் கைது செய்து தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் பாய்ச்சினார்கள். அந்தத் தடுப்புக்காவலை உயர் நீதிமன்றம் பிறகு ரத்து செய்தது. அது ஒருபக்கம். வேலை செய்தது மறுபக்கம்: அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனே வீடியோவில் மறுத்தார். அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின், பீகார் முதலமைச்சராக இருந்த நிதீஷ் குமாருடன் பேசினார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து தொழிலாளர்களையே நேரில் பார்த்தது. அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போனார்கள். உதவி எண்கள் இந்தியில் அறிவிக்கப்பட்டன. மாநிலத்தில் எந்த மொழிக் கொள்கை இருந்தாலும், பயந்தவனிடம் அவனுக்குப் புரிந்த மொழியில் பேசினார்கள். பொய் சில நாட்களில் அடங்கியது.

2021-ஐயும் 2023-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023-இல் வதந்தி பெரியது, மொழி வேறு, இரண்டு மாநிலங்களின் அரசியல் அதில் கலந்திருந்தது. இருந்தும் சீக்கிரம் அடங்கியது. பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொன்னார், அதுவும் முகத்தைக் காட்டிச் சொன்னார்.

அதிகாரத்தில் இருப்பவர் பேசினாலே போதும் என்றும் நினைத்துவிடக்கூடாது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும், பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்பவை கோரிக்கைகள். அக்டோபர் 7 அன்று அமைச்சர்கள் முன்னிலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. கையெழுத்திட்டவர்கள் நிர்வாகத்தோடு பேசிய வேறொரு தொழிலாளர் குழுவினர், நாங்கள் இல்லை என்றார்கள் போராட்டப் பந்தலில் இருந்தவர்கள். போராட்டம் முடிந்தது என்ற தோற்றம் கொண்ட செய்தியைப் போனில் படித்துக்கொண்டே அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைநிறுத்தம் உண்மையில் முடிந்தது 37-ஆம் நாள், சங்கத்தினரோடு பேசிய பிறகு. இதுவும் ஒரு தவறான செய்திதான். ஆனால் மேலேயிருந்து வந்ததால் யாரும் இதை வதந்தி என்று அழைக்கவில்லை. தங்களுக்காக யார் பேசுகிறார்கள் என்பதைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்திருந்தால்தான் செய்தி நிற்கும். அந்தச் சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவு பெற்றது.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் கேட்க வேண்டியதில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சேர்ந்த பணிக்குழு அமைக்க 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே வழி வைத்தது. இருபது பேர் இருந்தால் குறைதீர் குழு வேண்டும் என்று 2010-இல் சேர்த்தார்கள். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் இரண்டும் இருக்கின்றன. பல இடங்களில் இந்தக் குழுக்கள் ஆய்வாளர் வரும்போது காட்டும் பதிவேட்டில் வாழ்கின்றன. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்கே தாம் உறுப்பினர் என்று தெரியாது. இந்தக் குழு உயிரோடு இருந்து, அதில் விடுதியில் தங்கும் பெண்களுக்கும் இடம் இருந்திருந்தால் சாப்பாட்டில் புழு என்ற புகார் அங்கே வந்திருக்கும். நெடுஞ்சாலைக்கு வந்திருக்காது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டி முதலமைச்சர் திறந்துவைத்தார். 2021-இன் அந்த இரவு இல்லாமல் இருந்திருந்தால் அது இவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்குமா என்பது என் சந்தேகம். கட்டடம் நல்லது. அவ்வளவு பேர் ஒரே இடத்தில் தங்கும்போது ஒரு செய்தி மெய்யானாலும் பொய்யானாலும் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதையும் அதைக் கட்டியவர்கள் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இங்கே சில கம்பெனிகளின் மனிதவள அலுவலர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழிலாளர்கள் தங்கும் ஒவ்வொரு விடுதியின் வாசலிலும் ஒரு பெயரையும் ஒரு போன் நம்பரையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். நள்ளிரவில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், எந்த மருத்துவமனை, இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறவருடைய நம்பராக அது இருக்கட்டும். அடித்தால் எடுக்க வேண்டும். தெரியாவிட்டால், தெரியவில்லை, அரை மணியில் சொல்கிறேன் என்று சொல்லி, அரை மணியில் சொல்ல வேண்டும். தலைமை அலுவலகத்தின் அனுமதி இதற்குத் தேவைப்படாது. இந்த வாரமே ஒட்டிவிடுங்கள்.